அப்பா விட்டுட்டு போன 37 கத்தி, விக்கவா வச்சுக்கவா?

முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதுதேன் பொறுத்துக்கிடுங்க. எங்க அப்பா கப்பல்ல செரங்கா, அதாவது டெக்கு ஆளுங்களுக்கு தலைவரா இருந்தாவ, 1971-ல பம்பாய் போயி கப்பலேறி 1998-ல ரிட்டயர்டு ஆகி வந்தாவ. போன வருஷம் தவறிட்டாவ, ஓராண்டு பூசையும் முடிஞ்சாச்சு. இப்போ வீட்ட ஒதுக்கும்போ கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்கு பெட்டிய திறந்தோம், உள்ள முழுக்க கத்தி. எண்ணி பாத்தோம், 37. மடக்கு கத்தி, உறை போட்ட கத்தி, கொம்பு கைப்பிடி, வெள்ள கைப்பிடி, செவப்பு கைப்பிடி, ஒவ்வொண்ணும் பழைய கைலித் துணில தனித்தனியா சுத்தி வச்சிருக்காவ. அப்பா லீவுல வரும்போ எங்களுக்கு சாக்லேட்டு, சென்ட்டு, அம்மைக்கு சேலைன்னு கொண்டு வருவாவ, கத்தி வாங்குற விஷயம் எங்களுக்கு யாருக்குமே தெரியாது. ஒண்ணு மட்டும்தான் தெரியும், கயிறு வெட்டுற கத்தி, பக்கத்துல ஒரு ஊசி மாதிரி முள்ளு மடங்கும், அது எப்பவும் இடுப்புல கெடக்கும்.

இப்போ பிரச்சனை என்னான்னா, நாகர்கோவில்ல பழைய சாமான் எடுக்குற ஒருத்தர் வந்து பாத்துட்டு மொத்தமா 25,000 தாறேன்னு சொல்லுதாரு, கையோட பைசா. சின்ன தம்பி குடுத்துருவோம்னு நிக்கான். பெரிய தம்பி மஸ்கட்ல இருக்கான், அவன் போன் போட்டு நான் வருற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாதுங்கான். நான் எங்களுக்கு கொஞ்சம் வச்சுக்கிடுவோமேன்னு சொன்னதுக்கு சின்னவன் ஒனக்கு என்ன கத்தி, பொம்பள பிள்ளைக்கு கத்தில என்ன பங்குன்னு சிரிக்கான். எங்க வீட்டுக்காரரு பிள்ளைங்க இருக்கிற வீட்ல இது எதுக்கு, போலீஸ் வந்தா யாரு பதில் சொல்லன்னு கேக்காரு.

இன்னொண்ணு, அம்மா சும்மா இருக்காம ஆறு கத்திய புளியும் சாம்பலும் போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கி வெயில்ல காய வச்சிருக்கா. மிச்சத்துக்கும் தேங்காண்ணெ தடவி வச்சிருக்கா. பெட்டிக்குள்ள ஒரு பக்கம் இருந்த நாலஞ்சு கத்தி மட்டும் நல்லா துருவேறி கெடக்கு, மத்தது நல்லாத்தான் இருக்கு, ஒரே பெட்டிக்குள்ள அது எப்படின்னு வெளங்கல. பெட்டிய திறந்தா கற்பூர வாசம் வேற. நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க, வீட்ல கற்பூரமே வாங்குறது கெடையாது.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, விக்கவா வச்சுக்கவா?


ஆரல்வாய் காத்து:

அக்கா மொதல்ல அம்மா கையில இருந்து அந்த புளிய வாங்கி மீன்சட்டில போடுங்க. இதுக்கு மேல ஒரு கத்தியையும் தேய்க்கப்படாது. பழைய இரும்புல வருமே ஒரு கருநீலம் கலந்த சாம்பல் நெறம், அது அழுக்கு இல்ல, துருவும் இல்ல, வருஷக்கணக்கா அது மேல ஏறின தோலு. வாங்குறவன் அதத்தான் பாப்பான். அத தேய்ச்சு எடுத்தா கத்தி புதுசா தெரியும், விலை பாதிக்கு மேல போயிரும். ஆறு போனது போகட்டு, சாரமில்ல. தேங்காண்ணெயும் வேண்டாம், நாளாவ நாளாவ கெட்டியாயி பிசினு மாதிரி ஒட்டி மடக்கு கத்திய திறக்கவே விடாது. தையல் மிஷினுக்கு போடுற எண்ணெ கடையில கிடைக்கும், பஞ்சுல ஒரு சொட்டு தொட்டு தடவினா போதும். உறைக்குள்ள போட்டு வைக்காதீங்க, தோலு ஈரத்த குடிச்சு வச்சுக்கிடும், நம்ம ஊரு உப்புக்காத்துக்கு ஒரே மழைக்காலம் போதும். உறையும் கத்தியும் பக்கத்துல பக்கத்துல, ஆனா தனித்தனியா.

அடுத்து நீங்க சொன்ன கற்பூர வாசம். அத வாசிச்சதும் எனக்கு பகீர்னு இருந்துச்சு. பழைய கத்தி சிலதுல கைப்பிடி செல்லுலாய்டுல செய்வான், பழைய காலத்து பிளாஸ்டிக்கு, அத செய்யவே கற்பூரம் போடணும். வயசாவ ஆவ அது தானா கெட்டுப் போயி ஒருவித அமில ஆவிய விடும், அந்த ஆவி பட்டா பக்கத்துல இருக்கிற கத்தியெல்லாம் துருப்பிடிக்கும். ஒங்க பெட்டில ஒரு மூலையில மட்டும் துரு வந்த காரணம் அதுவாத்தான் இருக்கும். அந்த மூலையில மஞ்சளாவோ முத்துச்சிப்பி மாதிரியோ ஆமை ஓடு மாதிரியோ கைப்பிடி உள்ளது ஏதாவது இருக்கான்னு பாருங்க. கட்டைவிரலால நல்லா சூடாவுற அளவுக்கு தேய்ச்சிட்டு மோந்து பாருங்க, கற்பூரம் அடிச்சா அதேதான். அத இன்னைக்கே வெளிய எடுங்க, காத்தோட்டமா தனியா வைங்க, சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமான் வேற.

இனி விலை. மொத்தமா குடுக்காதீங்க. மொத்தமா வாங்குறவரு 37-க்கும் பைசா தரல, அவரு கண்ணுக்கு பட்ட மூணு நாலு கத்திக்குத்தான் தாறாரு, மிச்சம் அவருக்கு ஓசி. எதுன்னு நீங்க கண்டுபிடிக்கணும். அதுக்கு கத்தி அலகு கைப்பிடியோட சேருற அடிப்பகுதில என்ன முத்திரை இருக்குன்னு லென்ஸ் வச்சு பாருங்க, தீட்டுற பக்கத்துல இல்ல, அடியில.

கேஸ் எக்ஸ் எக்ஸ்னு (CASE XX) இருந்தா அமெரிக்கா கம்பெனி. அதுல மேட் இன் யு.எஸ்.ஏ-ன்னு எழுதினதுக்கு அடியில குட்டிக் குட்டியா புள்ளி இருக்கும், 1970-ல பத்து புள்ளி, அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு புள்ளியா கொறச்சிட்டே வந்தான். யு.எஸ்.ஏ இருக்கு, புள்ளியே இல்லன்னா 1965-ல இருந்து 69 வரைக்கும் உள்ளது. யு.எஸ்.ஏ-வே இல்லாம கேஸ் எக்ஸ் எக்ஸ் மட்டும்னா இன்னும் பழசு, அது இருந்தா எனக்கு போட்டோ போடுங்க, நான் பாக்கதுக்காவது.

நட்சத்திரமும் பக்கத்துல ஒரு சிலுவையும் இருந்தா ஷெஃபீல்டு ராஜர்ஸ். நம்ம ஊர்ல பழைய ஆளுங்க ரொம்ப மதிச்ச கத்தி, அதனாலயே போலியும் ஜாஸ்தி, எழுத்து மழுங்கலா கோணலா இருந்தா நம்பாதீங்க. சோலிங்கன்னு இருந்தா ஜெர்மனி, அந்த ஊர்ப் பேர கண்டவன் போடக்கூடாதுன்னு 1938-லயே அங்க சட்டம் போட்டு காத்து வச்சிருக்கான், ஆனா சோலிங்கன்ல நூறு கம்பெனி இருந்துச்சு, எல்லாத்துக்கும் விலை கிடையாது. கிரீடம் வச்ச கை முத்திரை, மரக் கைப்பிடி, கழுத்துல ஒரு வளையம் திருகுற மாதிரின்னா ஓப்பினல், பிரான்ஸ். அந்த வளையம் 1955-லதான் வந்துச்சு, பெரிய அளவு கத்தில வளையம் இல்லாதது கெடைச்சா நல்லது, குட்டி அளவுக்கு எப்பவுமே வளையம் கிடையாது. செவப்பு கைப்பிடி சுவிஸ் கத்தி, பித்தளை முனை வச்ச பக் 110-ங்கிற அமெரிக்க மடக்கு கத்தி இதெல்லாம் இருந்தா துள்ளாதீங்க, நல்ல கத்திதான், ஆனா லட்சக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்கான்.

அப்புறம் ஒண்ணு, அலகு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கணும். தீட்டித் தீட்டி ஒல்லியானதுக்கு விலை கொறவு. திறந்து மூடும்போ டக்குனு ஒரு சத்தம் கேக்கணும், ஆடப்படாது. இன்டர்நெட்ல விலை பாக்கும்போ கேக்குற விலைய பாக்காதீங்க, எவன் வேணா லட்சம் கேப்பான், வித்து முடிஞ்ச விலைன்னு தனியா காட்டும், அத பாருங்க.


வித்துட்டு நிம்மதி:

என்ன ஆளாளுக்கு லென்ஸ் வச்சு பாக்க சொல்லுதீங்க. எங்க மாமனாரு விட்டுட்டு போன பழைய கடிகாரம் பதினெட்டு இருந்துச்சு, மூணு வருஷம் இத விக்கவா அத வைக்கவான்னு அண்ணன் தம்பி நாலு பேரும் சண்டை போட்டு பேச்சுவார்த்தையே நின்னு போச்சு, கடைசில மொத்தமா குடுத்து பைசாவ நாலா பிரிச்சோம், நான் என் பங்குல பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டேன். ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. சண்டை வருறதுக்கு முன்னாடி வித்துருங்க.


தக்கலை கோர்ட் வாசல்:

வணக்கம் சகோதரி. சட்டம் சம்பந்தமா மட்டும் நாலு வார்த்தை.

முதல்ல உங்க தம்பி சொன்னது. அப்பா உயில் எழுதலன்னா, கிறிஸ்தவ குடும்பத்துக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு. மிச்சம் மூணுல ரெண்டு பங்க பிள்ளைங்க எல்லாரும் சமமா பிரிக்கணும், ஆணு பொண்ணு வித்தியாசம் கிடையாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மொதல்ல திருவிதாங்கூரோடயும் அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடயும் இருந்ததால பெருசுங்க மனசுல அந்த 1916 திருவிதாங்கூர் சட்டமே இன்னும் ஓடுது, அதுல மகளுக்கு மகன் பங்குல கால்வாசி, இல்லன்னா ஐயாயிரம் ரூவா, ரெண்டுல எது கொறவோ அது. 1986-ல மேரி ராய் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, அந்த சட்டம் எப்பவோ செத்துப் போச்சுன்னு தீர்ப்பு சொல்லி முடிச்சிட்டாங்க. தம்பிகிட்ட இத வாசிச்சு காட்டுங்க. 37 கத்தில அம்மா பங்கு போக உங்களுக்கு எட்டு கத்தி கணக்கு வரும். அம்மா ஆறு தேய்ச்சது அவங்க பங்குலன்னு வச்சுக்கலாம்.

போலீஸ் விஷயம். ஆயுதச் சட்ட விதில வர்ற பட்டியல்ல வாள், பிச்சுவா, ஈட்டி இதுகளோட, அலகு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்கிற கத்தியும் வருது, அதுலயும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சத விட்டுட்டாங்க. நம்ம ஊரு வெட்டுகத்தி அதனாலதான் எல்லா வீட்டு அடுப்படிலயும் இருக்கு. மடக்கு கத்தி வீட்டுல பூட்டி வச்சிருக்கிறதுக்கு பயப்பட வேண்டாம். எடுத்துக்கிட்டு பஸ்ல கோயில் திருவிழான்னு போகாதீங்க. ரெண்டு பக்கமும் கூர் வச்ச குத்துவாள் மாதிரியோ 9 இஞ்சுக்கு மேலயோ ஏதாவது இருந்தா அத மட்டும் தனியா வக்கீல்கிட்ட காட்டி கேளுங்க.

பெரிய ஆபத்து அந்த வெள்ள கைப்பிடியும் கொம்பு கைப்பிடியும்தான். வெள்ள கைப்பிடி தந்தமா இருந்தா விக்கவே முடியாது, 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டம். தாத்தா சொத்துன்னாலும் சரி, விக்கிறது குத்தம், வாங்குறதும் குத்தம். லென்ஸ் வச்சு பாருங்க. கைப்பிடி முனையில ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு போற வளைஞ்ச கோடு, வலை பின்னின மாதிரி தெரிஞ்சா தந்தம். கோடு இல்லாம கறுப்பா பென்சில் முனையால குத்தின மாதிரி சின்னச் சின்ன புள்ளி, கீறல் இருந்தா மாட்டெலும்பு, அதுக்கு பிரச்சனை இல்ல. மான் கொம்புன்னா அதுவும் விக்கிற பேச்சு வேண்டாம். வெளிநாட்டு கத்திதானேன்னு நினைக்காதீங்க, ஒரு காலத்துல ஷெஃபீல்டுக்கும் சோலிங்கனுக்கும் கைப்பிடிக்கு போனதே நம்ம இந்தியாவுல உள்ள கடமான் கொம்புதான். இங்கிருந்து கப்பல்ல போயி கத்தியாகி உங்க அப்பா கூட திரும்பி கப்பல்ல வந்திருக்கும்.

நூறு வருஷத்துக்கு மேல பழசு இருந்தா தொல்பொருள்னு ஆகலாம், அத வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அதையும் மனசுல வச்சுக்கோங்க.


ரப்பர் தோட்டம் குலசேகரம்:

எனக்கு ஒண்ணு வெளங்கல, கத்தி வெட்டுறதுக்குத்தானே, அத எதுக்கு பெட்டில பூட்டி மோந்து பாக்கணும். எங்க பெரியப்பா மலேயாவுல இருந்து கொண்டு வந்த ஒரு ஜெர்மன் கத்தி நம்ம வீட்ல இருக்கு, நான் தெனமும் வாழத்தாரு வெட்டுதேன், சக்கை, அதான் பலாப்பழம், வெட்டுதேன், சக்கை பசை ஒட்டினா மண்ணெண்ணெ போட்டு தொடைச்சிருவேன். பச்ச மாங்காய் வெட்டினா அலகு கறுத்துப் போவுது, அதுவும் ஒரு அழகு. அக்கா ஒரு நாலு கத்திய அடுப்படிக்கு எடுங்க, பிள்ளைங்களுக்கு கத்தி பிடிக்க சொல்லிக் குடுங்க.


ஆரல்வாய் காத்து:

குலசேகரம் அண்ணே ஒங்க ஜெர்மன் கத்தியோட அடி முத்திரைய மட்டும் ஒரு போட்டோ போடுங்க. சக்கை வெட்டுறதுக்கு முன்னாடி. கெஞ்சி கேக்கேன்.


முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாலு நாளா இதே வேலைதான். தம்பி பையன் ஸ்கூலுக்கு வாங்கின லென்ஸ எடுத்து வாசல்ல பாய போட்டு 37-ஐயும் நெரத்தி வச்சு ஒவ்வொண்ணா பாத்தோம், அம்மா பக்கத்துல இருந்து அதுல ஒண்ணுமில்ல இதுல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தா.

கற்பூர வாசம் நீங்க சொன்ன மாதிரியேதான். ஒரே ஒரு சின்ன மடக்கு கத்தி, கைப்பிடி பழுத்த மாம்பழ மஞ்சள், ஓரமெல்லாம் வெடிச்சு பொடிப்பொடியா உதிருது. விரல் வச்சு தேய்ச்சு மோந்து பாத்தேன், எதிர்த்த வீட்டு அக்கா வெள்ளிக்கிழம கொளுத்துவாளே அதே வாசம். அதச் சுத்தி இருந்ததுதான் துருப்பிடிச்சிருக்கு, தள்ளி இருந்தது ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல. வெள்ள கைப்பிடி மூணுலயும் கறுப்பு புள்ளி இருக்கு, வலை மாதிரி கோடு ஒண்ணும் இல்ல, அப்போ எலும்புதான்னு நினைக்கேன். கொம்பு கைப்பிடி நாலு இருக்கு, அத விக்கிற பேச்ச விட்டாச்சு, சின்னவன் வக்கீல் எழுதினத ரெண்டு தடவ வாசிச்சான். பங்கு விஷயத்தையும் வாசிச்சான், அதுக்கு அப்புறம் ஒண்ணும் பேசல, சாயங்காலம் கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வந்தான்.

இப்போ முக்கியமான சங்கதி. கேஸ் எக்ஸ் எக்ஸ் மூணு இருக்கு. ஒண்ணுல புள்ளி நல்லா தெரியுது, நானும் தம்பியும் மாறி மாறி எண்ணினோம், அஞ்சு. அப்போ 1975-ன்னு கணக்கு வருது. அப்பாவோட சி.டி.சி புக்கு பீரோல இருந்துச்சு, கப்பல் பேரும் ஏறின தேதி எறங்கின தேதியும் எழுதி சீல் அடிச்சிருப்பாங்களே அது. அதுல 75-ல ஏறி 76-ல எறங்கின ஒரு கப்பல் இருக்கு. அம்மாகிட்ட பேர வாசிச்சதும் அவளுக்கு ஓர்மை வந்துட்டு, அது கோதுமை கப்பல்லா, அமெரிக்காவுல இருந்து கோதுமை ஏத்திட்டு வந்தாவ, நான் அப்போ வயித்துல இருந்தேனாம். அந்த தடவ சம்பளத்துல நூறு ரூவா கொறச்சு அனுப்பினாவ, ஏன்னு கேட்டதுக்கு கடைசி வரைக்கும் சொல்லலையாம். அம்மா கத்திய கையில வச்சுக்கிட்டு இதுக்கா அந்த நூறு ரூவான்னு கேட்டா. நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம், அவ சிரிக்கல.

நாகர்கோவில்காரருகிட்ட இப்போ இல்லன்னு சொன்னோம். ஒடனே 40,000 தாறேன்னு சொன்னாரு. அதுக்கு மேலதான் எனக்கு பயம் வந்துச்சு.


ஆரல்வாய் காத்து:

ஒரே மூச்சுல 15,000 கூட்டினாரா, அப்போ ஒங்க பெட்டில என்ன இருக்குன்னு ஒங்களவிட அவருக்கு நல்லா தெரியும். அவர விடுங்க.

புள்ளி கணக்கு கத்தி செஞ்ச வருஷம், வாங்கின வருஷம் இல்ல, கடையில ரெண்டு மூணு வருஷம் கெடந்தும் வித்திருக்கலாம். ஆனா நூறு ரூவா கணக்கு ஒத்துப் போகுதுல்லா, அம்மா சாட்சிக்கு மேல நான் ஒண்ணும் சொல்லப்படாது.

நானா இருந்தா இப்படித்தான் செய்வேன். ஒரு நோட்டு போடுங்க, ஒவ்வொரு கத்திக்கும் நம்பர், முத்திரை போட்டோ, சி.டி.சி-ல எந்த கப்பல் காலம்னு தெரிஞ்சா அதும். இப்படி ஒரு மாலுமி கையில இருந்து வந்தது, இந்த கப்பல் காலம்னு ஆதாரத்தோட காட்டினா வாங்குறவன் கேக்குற கேள்வி பாதி கொறையும். சி.டி.சி-ய குடுத்துராதீங்க, நகல் போதும். அப்புறம் ரெண்டு மூணு ஒரே மாதிரி இருக்கிறது, சுவிஸ் கத்தி, துருப்பிடிச்சது, அம்மா தேய்ச்சது இதையெல்லாம் மொதல்ல வித்து பாருங்க. நல்லத கடைசில. ஒண்ணொண்ணா விக்க ஆறு மாசமாவது ஆகும், வெளிநாட்டுக்கு அனுப்புறது கூரியர்காரனோட ஒரு மல்லுக்கட்டு, அதனால நம்ம நாட்டுக்குள்ளயே சேக்குற ஆளுங்கள பாருங்க, கொறவா கெடைச்சாலும் தலைவலி இல்ல.

இடுப்பு கத்தி, அந்த முள்ளு வச்சது, தீட்டித் தீட்டி ஒல்லியாத்தான் இருக்கும். அதுக்கு சந்தையில விலையே கிடையாது. அத நோட்டுலயே ஏத்தாதீங்க.


முட்டத்துக்காரி:

நோட்டு போட ஆரம்பிச்சாச்சு, நம்பர் 11 வரைக்கும் வந்திருக்கு. பெரியவன் டிசம்பர்ல லீவுக்கு வாறான், கிறிஸ்மஸ் முடிஞ்சதும் மூணு பேரும் இருந்து ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டு, கொம்பு நாலும் அம்மா பேர்ல பெட்டியிலயே இருக்கட்டுன்னு பேசியிருக்கோம், மிச்சத்த விக்கலாம்னு. எனக்கு அஞ்சு புள்ளி கத்தி வேணும்னு சொல்லியாச்சு, சின்னவன் சரின்னுட்டான், பெரியவன்கிட்ட இன்னும் சொல்லல. இடுப்பு கத்திய அம்மா தலகாணிக்கு அடியில எடுத்து வச்சிட்டா, கேட்டா மீன் வெட்டங்கா.


ஆரல்வாய் காத்து:

நல்லது அக்கா. அந்த கற்பூர கத்திய எங்க வச்சிருக்கீங்க, அத சொல்லலியே?


முட்டத்துக்காரி:

காத்தோட்டமா இருக்கட்டுன்னு மாடி சன்ஷேடு மேல வச்சிருக்கேன்.


ஆரல்வாய் காத்து:

ஐயோ அக்கா வெயில் படப்படாது. இப்பவே போயி எறக்குங்க.